சொல்லாமல் விட்ட ஒரு சொல்

"பல்லுப் போனாற் சொல்லுப் போச்சு" என்பது எம் நாட்டுப் பழமொழி. பல்லிழந்த வாயிலிருந்து சொற்கள் செவ்வனே பிறவா என்பது அதன் பொருள். எமது இல்லத்திலோ அப்பழமொழி தலைகீழாய் நிகழ்ந்தது. சொல்லவேண்டிய ஒரு சொல்லை உரிய இடத்திற் சொல்லாது விட்டமையால், எம் அன்னையார் ஒரு பல்லோடு நில்லாது தாடை என்பின் ஒரு பகுதியையும் இழக்க நேர்ந்தது. அங்ஙனம் சொல்லாது விட்டவர் எழுத்தறியாப் பேதையர் அல்லர்; பட்டம் பெற்று, கல்லூரியொன்றில் இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு வரலாறு கற்பித்துவரும் நாமே அவர். இப்பகுதியை வாசிக்கும் நேயர்களின் வீடுகளிலும் வயது முதிர்ந்த அன்னையரும் பெரியன்னையரும் இருப்பர். ஆதலின் நாணத்தை ஒருபுறம் வைத்து இதனை எழுதத் துணிந்தோம்.

2016ஆம் ஆண்டு மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தொரு விடியற்பொழுது, அன்னையார் கிணற்றடியிற் பாசி வழுக்கி வீழ்ந்தார். நிலத்தில் ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது. அப்பொழுது அவருக்கு வயது 66. கைக்குக் கட்டுப் போட்ட வைத்தியர், நின்ற நிலையில் வீழ்ந்ததற்கே என்பு முறிந்தமை நல்ல அறிகுறியன்று எனக் கூறி, என்பின் அடர்த்தியை அளக்கும் பரிசோதனைக்கு அனுப்பினார். ஒஸ்ரியோபொறோசிஸ் என்னும் என்பு நலிவு நோய் இருப்பது அதனால் தெரியவந்தது. புறத்தே வைரம் பாய்ந்ததாய்த் தோன்றி அகத்தே கறையான் அரித்த மரத்தின் நிலைமைதான் அது. கல்சியமும் விட்டமின் டீயும் கொடுத்ததோடு, அலென்ட்ரோனேற் என்னும் குளிசையை வாரத்துக்கு ஒன்றாக, 70 மில்லிகிராம் அளவில், உட்கொள்ளுமாறு வைத்தியர் பணித்தார்.

அக்குளிசையை உண்பதற்கு ஒரு முறை உண்டு. காலையில் வெறுவயிற்றில், ஒரு குவளை நிறைந்த தண்ணீருடன் விழுங்குதல் வேண்டும். அதன்பின் அரைமணி நேரம் வேறெதனையும் உண்ணாமலும் குடியாமலும் சாயாமலும் இருத்தல் வேண்டும். தவறினால் அஃது உணவுக்குழாயைப் புண்ணாக்கும். ஞாயிற்றுக்கிழமையை அதற்கு வைத்துக்கொண்டோம். அன்னையார் திண்ணையில் நிமிர்ந்திருப்பார். நாம் பத்திரிகையும் கைக்கடிகாரமுமாய் அருகில் அமர்ந்திருப்போம். "தம்பி, அரைமணி ஆச்சுதோ? தேத்தண்ணி ஆறுது" என்று அவர் கேட்பதும், "இன்னும் பத்து நிமிஷம் அம்மா" என்று நாம் சொல்வதும் ஆறரை ஆண்டுகள் நடந்தன. நாளடைவில் அஃது ஒரு மருந்து என்ற நினைவே எம்மை விட்டு நீங்கிற்று. கோயிலும் பத்திரிகையும் போல, ஞாயிற்றுக்கிழமையின் அங்கங்களுள் ஒன்றாய் அது மாறிவிட்டது. பழைய துண்டைக் காட்டி மருந்துக்கடையில் மீண்டும் மீண்டும் வாங்கினோமேயன்றி, இன்னும் எத்தனை ஆண்டு உண்பது என்று வைத்தியரை ஒருகாலும் கேட்டோமல்லோம்.

2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழா முடிந்த மறுவாரம், அன்னையாருக்குக் கீழ்க்கொடுப்புப் பல் ஒன்றிலே கடும் பல்லுக்கொதி எழுந்தது. பல் வைத்தியர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். பிடுங்குவதே வழி என்றார் அவர். அதற்கு முன், கேட்கவேண்டியதைக் கேட்கவும் செய்தார்.

"அம்மாவுக்கு வேறு வருத்தம் ஏதும் உண்டோ? மருந்து பாவிக்கிறாவோ?"

"பிரஷருக்கு ஒரு குளிசை மட்டும்" என்றோம் நாம்.

அவ்வளவே. பல் பிடுங்கப்பட்டது. பொய் சொல்லும் எண்ணம் எமக்கில்லை. என்புக்கும் பல்லுக்கும் தொடர்பு உண்டென்பதோ, ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும் மருந்துக் கணக்கிற் சேரும் என்பதோ எம் சிந்தையில் உதிக்கவேயில்லை.

இரண்டு கிழமையில் ஆறவேண்டிய குழி ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கிருமிகொல்லி மருந்து கொடுத்தபோது நோ தணியும். மருந்து முடிந்ததும் மீண்டும் எழும். வாயில் ஒரு துர்நாற்றம் உண்டாயிற்று. அன்னையார் அயலவர் வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். மாலையில் விளக்கேற்றியதும் உரத்த குரலில் தேவாரம் பாடுவது அவர் வழக்கம், அதுவும் நின்றது. கேட்டபோதெல்லாம் "ஒண்டுமில்லை, தடிமன்" என்றார். நாம் விடைத்தாள் திருத்துவதில் மூழ்கியிருந்தமையால், எமக்குத் தொல்லை தரலாகாதென்று அவர் மறைத்தார் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அவ்வாண்டு கார்த்திகை விளக்கீட்டன்று, எம் மனையாள் அவித்து வைத்த கொழுக்கட்டையை அன்னையார் தொடவில்லை. கீழுதட்டின் ஒரு பக்கம் விறைத்திருக்கிறதென்று அப்பொழுதுதான் வாய்விட்டுச் சொன்னார். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை அவர் வாயினுள்ளே பாய்ச்சிப் பார்த்தோம். பல்லிருந்த இடத்திலே, முரசைக் கிழித்துக்கொண்டு, துவரம் பருப்பளவில் மஞ்சள் கலந்த வெண்மையாய் ஒன்று தோன்றிற்று. "வேர் மிச்சம் கிடக்குதுபோல" என்றார் அன்னையார். நாமும் அவ்வாறே நம்பினோம்.

மறுநாட் காலை பல் வைத்தியர் அதனைக் கண்டதும் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாஸ்டர், அம்மா என்புக்கு ஏதும் குளிசை எடுக்கிறாவோ?" என்று வினவினார். அக்கேள்வியைக் கேட்டமாத்திரத்தே, திண்ணையும் கைக்கடிகாரமும் ஆறிய தேநீரும் எம் கண்முன் வந்து நின்றன. நாம் கண்டது வேரன்று. உயிரற்றுப்போன தாடை என்பே அது.

வாய், முகம், தாடை ஆகியவற்றின் சத்திரசிகிச்சையில் வல்ல நிபுணரொருவரிடம் அவர் எம்மை அனுப்பினார். அந்த அம்மையார் எக்ஸ்றேப் படத்தைப் பார்த்து, சி.ரி. ஸ்கேனும் எடுப்பித்தபின், எமக்கு விளங்கும் வண்ணம் விடயத்தை எடுத்துரைத்தார். அவர் கூறியதை எம் மொழியில் இங்கே தருகின்றோம்.

எம்மூரில் ஆண்டுதோறும் வேலி அடைப்பதை நேயர்கள் அறிவர். உக்கிய கிடுகுகளை ஒருவர் கழற்றிக்கொண்டு செல்ல, அவர் பின்னே மற்றொருவர் புதிய கிடுகுகளை வரிந்து கட்டுவார். எம் உடலின் என்பும் இவ்வாறே ஓயாது புதுப்பிக்கப்படுகிறது. பழைய என்பைக் கரைக்கும் கலங்கள் ஒருவகை. புதிய என்பைக் கட்டும் கலங்கள் மற்றொருவகை. முதுமையில், சிறப்பாக மாதவிடாய் நின்ற பெண்களிடத்தில், கரைப்பது மிகுந்து கட்டுவது குறைகிறது, வேலி பொத்தலாகிறது. பிஸ்பொஸ்பொனேற் எனப்படும் மருந்துகள் கரைக்கும் கலங்களை அடக்கி வைக்கின்றன. அலென்ட்ரோனேற்றும் அவ்வினத்ததே. அதனால் இருக்கும் என்பு காப்பாற்றப்படுகிறது. ஆயினும், எங்கேனும் ஒரு காயம் ஏற்பட்டுப் பழுதான பகுதியைக் கழற்றி எறிய வேண்டிய வேளையில், கழற்றுவோரின் கை கட்டப்பட்டிருக்கிறது. உக்கிய கிடுகு அவ்விடத்தே கிடக்கப் புதியதைக் கட்டுவது எங்ஙனம்?

ஏனைய என்புகளை விட்டுத் தாடைக்கு மட்டும் இக்கேடு வருவது ஏன் என்று வினவினோம். ஓயாது மெல்லுவதனாலே தாடை என்பு விரைவாகப் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. அதனை மூடியிருக்கும் முரசோ மிக மெல்லியது. வாயினுள்ளே கிருமிகள் எண்ணிறந்தன. பல்லைப் பிடுங்கினால், அக்கிருமிகளுக்கு என்பின் கதவு திறந்துவிடப்பட்டதாகிறது. மேற்றாடையிலும் பார்க்கக் கீழ்த்தாடையிலேயே இந்நோய் மிகுதியாகத் தோன்றும். இம்மருந்து பெற்றவர்களுள், தாடைக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறாத ஒருவருக்கு, எட்டு வாரங்களுக்கு மேலாக என்பு வெளிப்பட்டு நின்றால் இந்நோய் எனத் துணியலாம் என்பது வைத்தியர்கள் வகுத்துக்கொண்ட வரையறை. எம் அன்னையாருக்குப் பத்து வாரம் கழிந்திருந்தது.

இந்நோயை உலகம் அறிந்துகொண்டதும் அண்மையிலேதான். 2003ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மயாமி நகரத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் றொபேட் மார்க்ஸ், இவ்வின மருந்துகளைப் பெற்ற 36 நோயாளரின் தாடை என்பு இவ்வாறு அழிந்தமையை வைத்திய சஞ்சிகையொன்றில் அறிவித்தார். ஆனால் வரலாறு கற்பிக்கும் எமக்கு வேறொரு நினைவும் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பாவிலே, வெண்பொசுபரசு கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளரின் தாடை என்புகள் அழுகிச் சீழ் வடிந்தன. 1888இல் இலண்டன் மாநகரத்துத் தீப்பெட்டித் தொழிற் பெண்கள் வேலை நிறுத்தஞ் செய்தபோது, அவர்களை வருத்திய துன்பங்களுள் இதுவும் ஒன்று. 1906இல் பேர்ண் நகரிலே கூடிய நாடுகள் வெண்பொசுபரசுத் தீக்குச்சியைத் தடை செய்ய உடன்பட்டன. அந்நோய்க்கும் இந்நோய்க்கும் உள்ள ஒற்றுமையை இக்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். வகுப்பிலே பல்லாண்டு நாம் கூறிவந்த அந்த ஏழைப் பெண்களின் கதை, எம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டதுபோலிருந்தது.

ஆத்திரம் எம் கண்ணை மறைத்தது. அந்த வாரமே வடமராட்சியிலுள்ள பெரியம்மாவைக் காணச் சென்றோம். அன்னையாரின் தமக்கையாராகிய அவருக்கும் இதே என்பு நோய். முதுகெலும்பின் முள்ளென்பொன்று முன்னரே நெரிந்து கூனியவர். கனடாவிலுள்ள மகன் அனுப்பும் பணத்தில், டெனோசுமாப் என்னும் ஊசிமருந்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுவந்தார். அது வேறினத்து மருந்தாயினும் தாடைக்கு இதே கேட்டை விளைவிக்கவல்லது. "பெரியம்மா, இனி இந்த ஊசியைத் தொடவேண்டாம்" என்றோம். அவர் சிறிதும் தயங்கவில்லை. "நீ படிச்ச பிள்ளை. நீ வேண்டாம் எண்டால் நான் ஏன் மோனை போடப்போறன்?" என்றார்.

மாசி மாதத்தில் நிபுணரைக் காணச் சென்றபோது, ஏதோ நற்பணி செய்தவர்போல இதனை அவரிடம் கூறினோம். அம்மையாரின் முகம் மாறிவிட்டது. "கடைசி ஊசி எப்போது போட்டவா?" என்று வினவினார். முந்திய ஆடியில் என்றோம். "மாஸ்டர், இந்த ஊசியைப் பிந்தவிட்டால் என்பு முன்னையிலும் வேகமாகக் கரையும். முள்ளென்புகள் ஒன்றன்பின் ஒன்றாக முறியலாம். நாளைக்கே அவவை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.

அன்றிரவு நாம் உறங்கவில்லை. முதலிற் சொல்லவேண்டியதைச் சொல்லாது விட்டு ஒருவரை நோகச் செய்தோம். பின்பு சொல்லத்தகாததைச் சொல்லி மற்றொருவரை ஆபத்தின் விளிம்பில் நிறுத்தினோம். இரண்டும் அறியாமையின் இரு முகங்களே. மறுநாள் முதற் பேருந்தில் வடமராட்சிக்குச் சென்று, "நான் சொன்னது பிழை பெரியம்மா" என்று ஒப்புக்கொண்டோம். ஏழு மாதம் நிறைவதற்குள் ஊசி போடப்பட்டது. யாதொரு கேடும் விளையவில்லை. அதற்கு எம் அறிவு காரணமன்று. அந்த அம்மையார் தற்செயலாய் அறிய நேர்ந்தமையே காரணம்.

நிபுணர் அன்று கூறிய கணக்கையும் இங்கே குறித்தல் வேண்டும். என்பு நலிவுக்காகக் குளிசை உண்போர் 10,000 பேரை எடுத்தால், இந்நோய் வருவது 2 முதல் 5 பேருக்கே. புற்றுநோய் என்பிற் பரவியமைக்காக, சொலெட்ரோனிக் அமிலம் போன்ற மருந்துகளைப் பேரளவில் மாதந்தோறும் ஊசியாகப் பெறுவோருக்கே அபாயம் மிகுதி; அவர்களிலும் நூற்றுக்குச் சிலரே இதற்கு ஆளாவர். மறுபுறத்தில், முதுமையில் இடுப்பென்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தோர் பலர் பின் எழுந்ததேயில்லை. ஆகவே, மருந்தைப் பகையென்று தூற்றுவது நன்றி மறந்த செயலாகும். அந்த ஆறரை ஆண்டில் அன்னையார் மேலும் இருமுறை வழுக்கி வீழ்ந்தும் என்பு முறியாதிருந்தமை எம் நினைவுக்கு வந்தது.

அன்னையாருக்கு நடந்த சிகிச்சை பொறுமையை வேண்டி நிற்பது. முதலில் கிருமியை அடக்குதல். குளோர்ஹெக்ஸிடின் என்னும் மருந்து நீரால் நாளுக்கு இருமுறை வாய் கழுவினார். கிருமிகொல்லிக் குளிசைகளும் உண்டார். என்பு வைத்தியரும் நிபுணரும் கலந்து பேசி, ஐந்தாண்டு கடந்துவிட்டமையால் அலென்ட்ரோனேற்றை நிறுத்தினர். ஐந்தாண்டு முடிவில், தொடர்வதா நிறுத்துவதா என மீளாய்வு செய்திருக்கவேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம். நிறுத்திய உடனே புண் ஆறிவிடும் என்று எண்ணுதல் கூடாது; அம்மருந்து என்பிலே படிந்து பல்லாண்டு தங்கியிருக்கும்.

நான்கு மாதம் அன்னையார் குழைசாதமும் கஞ்சியுமாய்க் காலங் கழித்தார். 2024ஆம் ஆண்டு பங்குனியில், செத்த என்பு உயிருள்ள என்பினின்றும் விலகத் தொடங்கியது. அப்பொழுது சத்திரசிகிச்சை செய்து அதனை அகற்றினர். தளர்ந்திருந்த அயற்பற்கள் இரண்டும் கூடவே போயின. கூரிய விளிம்புகளை ஒப்பமாக்கி, நல்ல இரத்தங் கசியும் என்பு தோன்றும்வரை சுரண்டி, முரசை இழுத்து மூடித் தைத்தனர். அகற்றிய துண்டு, புற்றுநோய் அன்றென உறுதிப்படுத்துவதற்காக ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்பட்டது. அவ்வாறே நற்செய்தியும் வந்தது.

எல்லோருக்கும் இச்சிகிச்சை ஒன்றேயன்று. நோவில்லாது சிறிது என்பு மட்டும் வெளிப்பட்டிருப்பின், வாய் கழுவலும் கண்காணிப்புமே போதியதாகலாம். சிலருக்கு அவர்தம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த பைபிரினைக் காயத்தில் வைத்து மூடுவர். சிலருக்குப் புதிய என்பை வளர்க்கும் தெரிபரடைட் என்னும் ஊசியை நாள்தோறும் கொடுப்பதுண்டு. புற்றுநோயாளருக்கு அது தகாது. நோய் முற்றித் தாடையே முறியும் நிலை வந்தால், அப்பகுதியை வெட்டியெடுத்து உலோகத் தகடு பொருத்தவும் நேரும்.

நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டியவை சிலவே. இம்மருந்துகளைத் தொடங்குமுன் பல் வைத்தியரைக் கண்டு, பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கிப் புண்ணை ஆறவிடுக. தொடங்கியபின் பற்களைத் துப்புரவாய்ப் பேணுக. பொருந்தாத பொய்ப்பல் முரசை உரஞ்ச விடாதீர். பல் வைத்தியரின் நாற்காலியில் அமருமுன், வாரத்துக்கு ஒன்றாயினும், ஆண்டுக்கு ஒன்றாயினும், பெற்றுக்கொண்ட மருந்தின் பெயரைச் சொல்லுக. முன்பு பெற்று இப்பொழுது நிறுத்தியிருந்தாலும் சொல்லுக. ஆறாத குழி, வெளிப்பட்ட என்பு, விறைத்த உதடு ஆகியவற்றைக் கண்டால் நாட்கடத்தாதீர். வைத்தியரைக் கேளாது மருந்தை நீங்களாக நிறுத்தாதீர். பிறரை நிறுத்தும்படி ஏவவும் வேண்டாம்.

2024ஆம் ஆண்டு ஆடிமாதமளவில் புண் முற்றாக மூடிற்று. உதட்டின் விறைப்பு இன்னும் சிறிதளவு உண்டு. ஒருநாள் மாலை நாம் கல்லூரியிலிருந்து திரும்புகையில், சுவாமி அறையிலிருந்து தேவாரம் கேட்டது. சகரமும் றகரமும் சற்றே வழுக்கின. படலையைத் திறந்தபடியே நின்று முழுவதையும் கேட்டோம். பாடி முடித்து வெளியே வந்தவர் எம்மைக் கண்டு, "பல்லுத்தான் போச்சுது தம்பி, சொல்லுப் போகேல்லை" என்று கொடுப்புக்குள் சிரித்தார்.

அன்றிரவே அன்னையாரின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில், அவர் உண்ட மருந்துகளின் பெயர்களையும், தொடங்கிய நாளையும், நிறுத்திய நாளையும் சிவப்பு மையினால் எழுதினோம். பெரியம்மாவின் கொப்பியிலும் அவ்வாறே எழுதிக் கொடுத்தோம். கண் வைத்தியரிடம் போனாலும் அக்கொப்பி இப்பொழுது உடன் செல்கிறது.